கல் பேசுகிறது! பிளாப்பி பேசவில்லை!

பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களையும், அவற்றின் அபூர்வப் புரோகிராம்களையும் தேடி அலைகிறவர்களின் கதை

அன்னவாசலுக்குப் பக்கத்தில் ஒரு நெடிய குன்று இருக்கிறது. அதுதான் சித்தன்னவாசல்!

புதுக்கோட்டைச் சீமையில் அதைத் தெரியாதவர் இல்லை. அங்குள்ள குடைவரைக் கோவிலின் கூரையில் ஒரு தாமரைக் குளத்தைத் தீட்டியிருக்கிறார்கள். அதில் மீன்கள் நீந்துகின்றன. அன்னங்கள் மிதக்கின்றன. ஆடவர்கள் பூப் பறிக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்சில் வந்து அதைப் பார்க்கிறார்கள். கட்டுச்சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்புகிறார்கள்.

அதே குன்றின் மேல் இன்னோர் இடம் உண்டு. அதற்கு "ஏழடிப்பட்டம்" என்று பெயர். பாறைக்கு அடியில் இயற்கையாக அமைந்த குகை அது. சமண முனிவர்கள் படுத்து உறங்கிய கற்படுக்கைகள் அங்கே இருக்கின்றன. தலையணைகூடக் கல்லில் செதுக்கியதுதான்!

ஒரு படுக்கையின் ஓரத்தில் சில எழுத்துக்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. "காவுதி என்ற துறவிக்காக இளையர் செய்து கொடுத்த இருக்கை இது" என்ற பொருளில் அறிஞர்கள் அதைப் படிக்கிறார்கள்.

அந்த எழுத்தை வெட்டி ஏறக்குறைய 2,000 வருடம் ஆகிறது. இன்றைக்கும் படிக்க முடிகிறது.

இப்போது இன்னொரு காட்சியைப் பாருங்கள். இது என் வீட்டுக் கதை.

பாட்டியின் தாலாட்டு

என் பாட்டிக்கு நிறையத் தாலாட்டுத் தெரியும். 1998-ம் வருடம் என் மாமா அவற்றையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினார். கம்ப்யூட்டரில் தமிழ் அடித்துக் கொடுக்கும் கடையில் கொடுத்து அடித்து வாங்கினார். இரண்டு பிளாப்பிகளில் பதிந்து பீரோவில் வைத்தார்.

பிளாப்பி என்பது சட்டைப் பைக்குள் அடங்கும் ஒரு சதுர வில்லை. அதற்குள்ளே வட்டமான மெல்லிய தகடு ஒன்று சுற்றும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு அதுதான் நோட்டுப் புத்தகம்.

பாட்டி காலமாகிவிட்டார். நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. "போனால் போகிறது, பிளாப்பி இருக்கிறதே" என்று இருந்தோம்.

சென்ற வருடம் என் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. "பாட்டி பாடின தாலாட்டை எடுத்துக் கொடு அண்ணா" என்று கேட்டாள். பீரோவைத் திறந்து பிளாப்பிகளை எடுத்தேன். வீட்டிலுள்ள கம்ப்யூட்டரில் அவற்றைச் செருகுவதற்கு வாயே இல்லை! தனியாக ஒரு கருவி வாங்கி மாட்டினேன். முதல் பிளாப்பி "கர்... கர்..." என்று இரைந்தது. ஒன்றும் வரவில்லை. இரண்டாவது திறந்தது. ஆனால் தமிழ் இல்லை! ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகப் பக்கம் பக்கமாக வந்தது.

2,000 வருடத்துக் கல் பேசுகிறது. கால் நூற்றாண்டுப் பிளாப்பி ஊமையாகிவிட்டது!

ஏன்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனபோதுதான் ஒரு விசித்திரமான கூட்டம் எனக்கு அறிமுகமாயிற்று. உலகமெங்கும் பழைய கம்ப்யூட்டர்களையும், அவற்றுக்கான புரோகிராம்களையும், யாரும் கண்டிராத துணைக் கருவிகளையும் தேடி அலைகிற கூட்டம் அது. சிலர் அவர்களைப் பைத்தியம் என்கிறார்கள். ஆனால் அவர்கள் செய்கிற வேலை பைத்தியக்கார வேலை அல்ல.

டெலிவிஷனில் மாட்டிய மூளை

1980-க்கு முன்பின்னாக, "வீட்டுக் கம்ப்யூட்டர்" என்ற புதிய சாமான் மேல்நாட்டுக் கடைகளுக்கு வந்தது. அதற்கு முன்பு கம்ப்யூட்டர் என்றால் பெரிய கம்பெனிகளிலும் சர்க்கார் ஆபீசுகளிலும்தான் இருக்கும். ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும்.

வீட்டுக் கம்ப்யூட்டர் அப்படியல்ல. டைப்ரைட்டர் பலகை போல ஒரு சிறு பெட்டி. அதை வீட்டு டெலிவிஷனில் மாட்டினால் போதும். டெலிவிஷன் திரையே கம்ப்யூட்டர் திரையாகிவிடும்.

இங்கிலாந்தில் கிளைவ் சின்கிளேர் என்பவர் 1982-ல் "இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம்" என்ற கம்ப்யூட்டரை விற்பனைக்கு விட்டார். விலை 125 பவுண்டுதான். கூடுதல் நினைவுத் திறன் உள்ளது 175 பவுண்டு. ரப்பர் பொத்தான்கள் வைத்த கறுப்புப் பெட்டி. அதே வருடம் அமெரிக்காவில் "கமடோர் 64" வந்தது. அது ஒரு கோடிக்கு மேல் விற்றது.

ஸ்பெக்ட்ரத்தின் நினைவுத் திறன் எவ்வளவு தெரியுமா? பெரிய மாதிரியில்கூடச் சுமார் 49 ஆயிரம் ஆங்கில எழுத்துக்கள்தான் அடங்கும். இன்று உங்கள் செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோவுக்கு அதைப் போலப் பல மடங்கு இடம் வேண்டும். அவ்வளவு சின்ன இடத்தில் சதுரங்கம் ஆட வைத்தார்கள். கணக்கு எழுத வைத்தார்கள். பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக் கொடுத்தார்கள்!

நம் நாட்டிலும் இதைப் பார்த்துச் செய்தார்கள். டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் 1980-களில் "டி.பி. ஸ்பெக்ட்ரம்" என்ற பெயரில் விற்றது. இன்று அது சேகரிப்பவர்கள் தேடும் சரக்கு.

கம்ப்யூட்டருக்கு இடுகிற கட்டளைகளின் தொகுப்புதான் புரோகிராம். அதைத்தான் "மென்பொருள்" என்கிறோம். ஸ்பெக்ட்ரத்தில் புரோகிராம் எதில் வரும்? பாட்டுக் கேட்கிற சாதாரணக் கேசட்டில்! டேப் ரிக்கார்டரைக் கம்ப்யூட்டரோடு இணைத்து ஓட விட வேண்டும். "கீ...ச்... கர்ர்ர்..." என்று காது குடையும்படி சத்தம் வரும். அந்தச் சத்தம்தான் புரோகிராம். ஐந்து நிமிடம் பொறுமையாக உட்கார்ந்திருந்தால் திரையில் ஆட்டம் தோன்றும். டேப் நடுவில் கொஞ்சம் கசங்கியிருந்தால் எல்லாம் வீண். மறுபடியும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும்!

ரேடியோவில் வந்த புரோகிராம்

புரோகிராம் என்பது வெறும் சத்தம்தான் என்றால், அதை ரேடியோவில் ஒலிபரப்பலாமே?

ஒலிபரப்பினார்கள்!

யூகோஸ்லாவியா என்று ஒரு தேசம் இருந்தது. இன்று அது பல நாடுகளாகப் பிரிந்துவிட்டது. அங்கே வெளிநாட்டுக் கம்ப்யூட்டர்களை இறக்குமதி செய்வது எளிதாக இல்லை. வோயா அந்தோனிச் என்பவர், வீட்டிலேயே செய்துகொள்ளும்படி "கலாக்ஸியா" என்ற கம்ப்யூட்டரை 1983-ல் வடிவமைத்தார். அதன் வரைபடம் பத்திரிகையில் வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் பாகங்களை வாங்கித் தாங்களே பற்றவைத்துச் செய்துகொண்டார்கள்.

புரோகிராமுக்கு எங்கே போவது? பெல்கிரேடு ரேடியோவில் ஸோரான் மோட்லி என்ற அறிவிப்பாளர் அதற்கு ஒரு வழி செய்தார். தம் நிகழ்ச்சியில் புரோகிராம்களைச் சத்தமாக ஒலிபரப்பினார். நேயர்கள் கேசட்டில் பதிந்துகொண்டு, தங்கள் கம்ப்யூட்டரில் ஓட்டினார்கள். ஹாலந்து ரேடியோவிலும் இதே மாதிரி நிகழ்ச்சி உண்டு.

இப்படிக் காற்றில் வந்த புரோகிராம்களில் பல, யாராவது பதிந்து வைத்த கேசட்டில் மட்டும்தான் உயிரோடு இருக்கும். கேசட் போனால் அதுவும் போயிற்று. அதனால்தான் அலைகிறார்கள்.

நம் பள்ளிக்கூடங்களில்

இந்திய சர்க்கார் 1984-ல் ஒரு திட்டம் தொடங்கியது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்கும் திட்டம். அதைச் சுருக்கமாக "கிளாஸ்" திட்டம் என்றார்கள். முதலில் சுமார் 250 பள்ளிக்கூடங்களில் தொடங்கினார்கள்.

அதற்குத் தேர்ந்தெடுத்த கம்ப்யூட்டர் "பி.பி.சி. மைக்ரோ". இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஏகார்ன் என்ற கம்பெனி அதைச் செய்தது. பி.பி.சி. தன் டெலிவிஷனில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தியது. அந்தப் பாடத்துக்கு ஏற்றபடி 1981-ன் கடைசியில் வந்த எந்திரம் இது. சண்டீகருக்குப் பக்கத்தில் மொகாலியில் இருந்த நம் சர்க்கார் நிறுவனம் ஒன்று, அதன் பாகங்களை வரவழைத்துப் பூட்டி, "யூனிகார்ன்" என்ற பெயரில் வெளியிட்டது.

இன்று "யூனிகார்ன்" என்ற பெயர் பொறித்த பெட்டி ஒன்று கிடைத்தால், சேகரிப்பவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அதோடு ஒரு பாடப் பிளாப்பியும் கிடைத்தால் தலையில் வைத்துக் கூத்தாடுவார்கள்!

ஆனால் கிடைப்பது எளிதா? பள்ளிக்கூடச் சாமான் பழசானால் ஸ்டோர் ரூமுக்குப் போகும். ஸ்டோர் ரூமிலிருந்து ஏலத்துக்குப் போகும். ஏலத்திலிருந்து காயலான் கடைக்குப் போகும். அந்தக் காலத்தில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். இப்போது எடைக்குக் காசு கொடுக்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

செல்போனின் பாட்டன்

"பழைய டப்பாவுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?" என்று கேட்கலாம்.

பி.பி.சி. மைக்ரோவின் அடியில் ஒரு விசேஷமான இணைப்பு உண்டு. அதில் இன்னொரு மூளையைத் தனிப் பெட்டியாக மாட்டலாம். அதே ஏகார்ன் கம்பெனியில் சோபி வில்சன், ஸ்டீவ் பர்பர் என்ற இரண்டு நிபுணர்கள் ஒரு புதிய மூளையைத் திட்டமிட்டார்கள். அதற்கு "ஆர்ம்" என்று பெயர். 1985 ஏப்ரல் 26-ந் தேதி அதை முதன்முதலாக ஒரு பி.பி.சி. மைக்ரோவோடு இணைத்து ஓட்டிப் பார்த்தார்கள். ஓடியது!

இன்று உங்கள் கையிலுள்ள செல்போனுக்குள் இருப்பது அநேகமாக அந்த ஆர்ம் மூளையின் பேரப்பிள்ளைதான். நிபுணர்கள் சோதித்துப் பார்ப்பதற்காக அந்த ஆர்ம் மூளையை ஒரு பெட்டியில் வைத்து விற்றார்கள். மிகச் சிலரே வாங்கினார்கள். இன்று அதைக் காண்பதே அரிது.

எல்லாம் இப்படிப் பெரிய விஷயம் என்று சொல்ல முடியாது. வேடிக்கையான சாமான்களும் உண்டு. பிள்ளைகள் கட்டளை கொடுத்தால் தரையில் ஊர்ந்துபோய்ப் பேனாவால் கோலம் போடும் "ஆமை" இருந்தது. சுண்டு விரல் அளவு பெட்டிக்குள் ஐந்து மீட்டர் டேப்பை வளையமாகச் சுற்றி வைத்த "மைக்ரோடிரைவ்" இருந்தது. அந்த டேப்பைத் தாங்கும் சிறு துணி மெத்தை நாளாக ஆகப் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். சேகரிப்பவர்கள் புதிய மெத்தை வெட்டி ஒட்டி, பொறுமையாக ஓட்டிப் பார்க்கிறார்கள்.

பண மதிப்பும் இல்லாமல் இல்லை. ஆப்பிள் கம்பெனி 1976-ல் முதன்முதலாக விற்ற "ஆப்பிள்-1" சுமார் 200 தான் செய்யப்பட்டது. அன்று விலை 666 டாலர் 66 சென்ட். 2014-ல் நியூயார்க்கில் ஒன்று ஏலம் போயிற்று. தொகை 9 லட்சத்து 5 ஆயிரம் டாலர்! ஆனால் எல்லாப் பழசும் இப்படி விலை போகும் என்று நினைத்து ஏமாற வேண்டாம். பெரும்பாலானவற்றுக்குச் சந்தையில் சொற்ப விலைதான். அவற்றின் மதிப்பு வேறு வகை.

ஒரு தேசமே ஏமாந்த கதை

அது என்ன மதிப்பு என்பதை இங்கிலாந்து ஒரு பாடமாகக் கற்றுக்கொண்டது.

1086-ல் இங்கிலாந்து மன்னர் வில்லியம், தம் நாட்டிலுள்ள நிலம், ஆடு மாடு, ஏர் எல்லாவற்றையும் கணக்கெடுத்து ஒரு பெரிய ஏட்டில் எழுதச் செய்தார். அதற்கு "டூம்ஸ்டே புத்தகம்" என்று பெயர். ஆட்டுத் தோலில் எழுதிய அந்தப் புத்தகம் இன்றும் லண்டனில் இருக்கிறது. இன்றும் படிக்கலாம்.

அதன் 900-வது ஆண்டு நிறைவுக்கு, 1986-ல், புதிய டூம்ஸ்டே ஒன்றை பி.பி.சி. வெளியிட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் ஊரைப் பற்றி எழுதி அனுப்பினார்கள். பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். "எங்கள் தெருவில் இன்ன கடை இருக்கிறது. நாங்கள் இன்ன சாப்பாடு சாப்பிடுகிறோம்" என்றெல்லாம் எழுதினார்கள். போட்டோக்களும் வரைபடங்களும் சேர்ந்தன. சுமார் 25 லட்சம் பவுண்டு செலவாயிற்று.

இவ்வளவையும் தட்டு அளவுள்ள இரண்டு லேசர் டிஸ்க்குகளில் பதிந்தார்கள். அதைப் பார்க்க ஒரு பி.பி.சி. கம்ப்யூட்டரும், அதற்கென்றே செய்த ஒரு லேசர் டிஸ்க் கருவியும் வேண்டும். விலை அதிகம். பல பள்ளிக்கூடங்களால் வாங்க முடியவில்லை. கருவிகள் சிலவே விற்றன. அவையும் ஒவ்வொன்றாகப் பழுதாயின.

2002-ம் வருடம் வந்தபோது நிலைமை என்ன? 900 வருடத்துக்கு முந்திய தோல் புத்தகத்தைப் படிக்க முடிந்தது. 16 வருடத்துக்கு முந்திய டிஸ்க்கைப் படிக்க முடியாமல் போகும் ஆபத்து வந்துவிட்டது!

இங்கிலாந்தின் லீட்ஸ், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக் கழகங்களின் நிபுணர்கள் முயன்று, பழைய எந்திரத்தைப் போலவே நடந்துகொள்ளும் புரோகிராம் ஒன்றை எழுதினார்கள். அதன் மூலம் டிஸ்க்கைப் புதிய கம்ப்யூட்டரில் பேச வைத்தார்கள். பிள்ளைகளின் எழுத்து பிழைத்தது. ஆனால் அதைச் செய்வதற்கு, வேலை செய்கிற பழைய கருவி ஒன்றாவது வேண்டியிருந்தது. அதை யாராவது குப்பையில் போடாமல் வைத்திருக்க வேண்டும் அல்லவா?

தமிழுக்கும் இதே கதை

இது வெள்ளைக்காரர் வீட்டுக் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள்.

தமிழ் கம்ப்யூட்டருக்குள் ஒரே நாளில் வந்துவிடவில்லை. பலர் தனித்தனியாகப் பாடுபட்டுக் கொண்டு வந்தார்கள். கனடாவிலிருந்த ஸ்ரீனிவாசன் 1980-களில் "ஆதமி" என்ற தமிழ்ப் புரோகிராமைச் செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-ல் "முரசு"வைச் செய்தார். இங்கே புனாவில் இருக்கும் சி-டாக் என்ற சர்க்கார் நிறுவனம் "ஜிஸ்ட் கார்டு" என்ற பலகையை வெளியிட்டது. ஆங்கிலம் மட்டும் தெரிந்த கம்ப்யூட்டருக்குள் அதைச் செருகினால், அது தமிழும் மற்ற இந்திய மொழிகளும் காட்டும்! இன்று அது ஓர் அபூர்வப் பொருள்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. ஒருவர் "அ"வுக்கு ஓர் எண் வைத்தார். இன்னொருவர் வேறோர் எண் வைத்தார். ஒருவர் முறையில் அடித்ததை இன்னொருவர் முறையில் திறந்தால் குழப்பம்தான் வரும். 1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டில் "டாம்", "டாப்" என்ற பொது முறைகளை வகுத்தார்கள். "திஸ்கி" என்று இன்னொரு முறையும் புழங்கியது. பிறகு உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான "யூனிகோடு" புழக்கத்துக்கு வந்தது. 2010-ல் தமிழ்நாடு சர்க்கார் அதை ஏற்றுக்கொண்டது.

என் பாட்டியின் தாலாட்டு ஏன் ஆங்கில எழுத்தாக வந்தது என்று இப்போது புரிகிறதா? எழுத்து இருந்தது. அதைப் படிக்கும் சாவி இல்லை!

அச்சுக்கூட வேலைக்கு வந்த சில புரோகிராம்களுக்கு நிஜமாகவே ஒரு சாவி உண்டு. கட்டை விரல் அளவு பூட்டு ஒன்றைக் கம்ப்யூட்டரின் பின்னால் மாட்டினால்தான் அவை வேலை செய்யும். அந்தப் பூட்டு தொலைந்தால், பல வருட வேலையும் அதோடு பூட்டிக்கொள்ளும்.

எப்படி மீட்கிறார்கள்?

சேகரிப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகம் வாங்கிய பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் அடுக்குவார்கள். அபூர்வம் என்று பெருமைப்படுவார்கள். உள்ளே இருக்கும் டேப் உதிர்ந்து போனாலும் அவர்களுக்குத் தெரியாது.

இன்னொரு ரகம் முதலில் உள்ளே இருப்பதைப் படித்து நகல் எடுப்பார்கள். பிறகுதான் அலமாரி. இவர்களால்தான் உலகத்துக்கு உபகாரம்.

நகல் எடுப்பது எளிய வேலை அல்ல. திருட்டு நகலைத் தடுக்க, அந்தக் காலத்துக் கம்பெனிகள் பிளாப்பியில் வேண்டுமென்றே பிழைகளைப் பதித்தன. சாதாரணமாக நகல் எடுத்தால் அது ஓடாது. அதனால் இவர்கள் தனிக் கருவி வைத்திருக்கிறார்கள். அது எழுத்தைப் படிப்பதில்லை. தகட்டிலுள்ள காந்த ஏற்ற இறக்கத்தையே அப்படியே பதிந்துகொள்கிறது. கல்வெட்டு இலாகாக்காரர்கள் கல்லின் மேல் ஈரத் தாளை ஒட்டி, மை தடவிப் படி எடுப்பார்களே, அந்த மாதிரி! முதலில் படி. படிப்பது பிறகு.

நம் ஊர் வெப்பமும் ஈரமும் பிளாப்பிக்குப் பகை. தகட்டில் பூஞ்சக்காளான் பிடிக்கும். அதை அப்படியே ஓட்டினால் தகடு கீறிப் போகும். எந்திரத்துக்குள்ளேயும் வியாதி உண்டு. பலகையிலுள்ள சிறு பாட்டரி கசிந்து, செம்புக் கோடுகளை அரிக்கும். மின்சாரத்தைச் சேமிக்கும் "கப்பாசிட்டர்" உப்பி வெடிக்கும். நம் ஊர் ரேடியோ மெக்கானிக்குகள் இதையெல்லாம் நன்றாக அறிவார்கள்.

நாளுக்கு நாள் வேலை கடினமாகிறது. பிளாப்பி விற்பதை சோனி கம்பெனி 2011-ல் நிறுத்திவிட்டது. சர்க்கார் காரியங்களுக்குப் பிளாப்பியில்தான் மனுப் போட வேண்டும் என்ற விதிகளை ஜப்பான்கூட 2024-ல் ஒழித்துவிட்டது.

உங்கள் வீட்டில் இருந்தால்...

வாசகர்களே! உங்கள் பரணை ஒரு தடவை பாருங்கள். பழைய கம்ப்யூட்டரோ, பிளாப்பியோ, "கர்ர்ர்" என்று மட்டும் கத்தும் கேசட்டோ கிடைக்கலாம். கிடைத்தால்:

உடனே மின்சாரம் கொடுக்காதீர்கள். பல வருடம் தூங்கிய எந்திரம் புகைந்து போகலாம். விவரம் தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு முதலில் சோதியுங்கள்.

கனத்த கண்ணாடித் திரை உள்ள பழைய மானிட்டரைத் திறக்கவே திறக்காதீர்கள். அணைத்த பிறகும் உள்ளே பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் தங்கியிருக்கலாம். பிள்ளைகளை விலக்கி வையுங்கள்.

பிளாப்பியையும் கேசட்டையும் ஒலிபெருக்கிப் பக்கத்தில் வைக்காதீர்கள். அதிலுள்ள காந்தம் பதிந்ததை அழித்துவிடும். வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள்.

மேலே ஒட்டிய சீட்டைக் கிழிக்காதீர்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தனியாகக் குறித்து வையுங்கள். கூட வந்த புத்தகம், கம்பி, சிறு பூட்டு எதையும் பிரிக்காதீர்கள். சிறு துரும்பும் பல் குத்த உதவும்.

படிக்க முடிந்ததை இன்றே நகல் எடுங்கள். ஒன்றுக்கு இரண்டு இடத்தில் வையுங்கள். நல்ல தாளில் அச்சடித்தும் வையுங்கள். தாளைப் படிக்கக் கண் போதும், கருவி வேண்டாம்.

எந்திரத்தை யாருக்காவது கொடுப்பதானால், சொந்த விவரங்கள் உள்ளே இருக்கின்றனவா என்று பார்த்துக் கொடுங்கள்.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திருக்கோகர்ணத்து மியூசியம் 1910-லிருந்து பழம்பொருள் காக்கிறது. கிருஷ்ணமூர்த்தி - டோரதி தம்பதி, தமிழ்ப் புத்தகங்களின் முதற் பதிப்புகளைத் தேடித் தேடிச் சேர்த்து "ஞானாலயா" நூலகத்தை உண்டாக்கியது இந்த மண்ணில்தான். புத்தகத்துக்கு அவர்கள் செய்ததைத்தான், புரோகிராமுக்குச் செய்கிறார்கள் இந்தக் கம்ப்யூட்டர்க்காரர்கள்.

குன்று சொல்லும் பாடம்

மறுபடியும் சித்தன்னவாசலுக்கு வருவோம்.

கல் தானாகப் பேசிவிடவில்லை. பல நூறு வருடங்களாக அந்த எழுத்தை ஒருவராலும் படிக்க முடியாமல் இருந்தது. ஆடு மேய்த்தவர்கள் பார்த்திருப்பார்கள். ஏதோ கீறல் என்று நினைத்திருப்பார்கள். 1837-ல் ஜேம்ஸ் பிரின்செப், பிராமி எழுத்தைப் படிக்கும் வழியைக் கண்டார். 1924-ல் கே.வி. சுப்பிரமணிய ஐயர், நம் குகைகளிலுள்ள எழுத்து தமிழே என்று எடுத்துக் காட்டினார். பிறகு ஐராவதம் மகாதேவன் ஆயுள் முழுவதும் அதிலேயே உழைத்தார். அதன் பிறகுதான் கல் வாய் திறந்தது.

ஆக, கல்லுக்கும் சாவி தேவைப்பட்டது. ஆனால் கல் பொறுமைசாலி. 2,000 வருடம் காத்திருந்தது. பிளாப்பி காத்திருக்காது.

என் பாட்டியின் தாலாட்டு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா?

விஷயம் தெரிந்த நண்பர் ஒருவர் கைகொடுத்தார். அந்தக் காலத்து எழுத்துருக்கள் பலவற்றைச் சேர்த்து வைத்திருந்தார் அவர். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஆறாவது எழுத்துருவில் புள்ளியும் கோடும் கலைந்தன. திரையில் தமிழ் வந்தது! எட்டுத் தாலாட்டு கிடைத்தது.

முதல் பிளாப்பியில் பூஞ்சக்காளான் பிடித்திருந்தது. அதில் எத்தனை பாட்டு இருந்ததோ! அது போனது போனதுதான்.

கிடைத்த எட்டையும் அச்சடித்துத் தங்கைக்குக் கொடுத்தேன். தொட்டிலை ஆட்டிக்கொண்டே படித்தாள். நாலு வரி போனதும் தாளைக் கீழே வைத்துவிட்டாள். மீதி அவளுக்குத் தானாகவே ஞாபகம் வந்துவிட்டது.